பாத்திரம் கழுவிய வக்கீலும் பத்து விரல் ரேகையும்: திருச்சிக்காரர்களே, இதெல்லாம் தெரியுமா?

1909 அக்டோபர் 24. லண்டன் மாநகரில் விஜயதசமி விருந்து! பேஸ்வாட்டர் பகுதியில் ஓர் இந்திய உணவகம். சமையலுக்கு ஆள் கிடையாது. அங்கே படிக்க வந்த நம்மூர்ப் பிள்ளைகளே கரண்டி பிடிக்கிறார்கள். மத்தியானவாக்கில் மெலிந்த, சிறிய உருவம் கொண்ட ஒருவர் வந்து சேர்கிறார். யார், எவர் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவுகிறார், காய்கறியைச் சுத்தம் செய்கிறார், சொன்ன வேலையை எல்லாம் செய்கிறார். சாயங்காலம் விருந்து ஏற்பாட்டாளர்களில் ஒருவர் மேலே ஏறி வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அன்றைய விருந்துக்குத் தலைமை தாங்க வேண்டியவர் அல்லவா அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறார்!

பாத்திரம் கழுவியவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. மேலே ஏறி வந்தவர் திருச்சி வரகனேரி வ.வே.சு. ஐயர். சமைத்துக்கொண்டிருந்த மாணவர்களில் ஒருவர், இந்தச் சம்பவத்தைப் பின்னாளில் எழுதிவைத்தவர், ஸ்ரீரங்கத்தில் பிறந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன்!

சரி, காந்தி அந்த நேரத்தில் லண்டனில் என்ன செய்துகொண்டிருந்தார், தெரியுமா? இந்திய விடுதலை கேட்டு வந்தவர் இல்லை அவர். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்களை மட்டும் குறிவைத்துப் போட்ட ஒரு சட்டத்தை நீக்கச் சொல்லி, ஹாஜி ஹபீப் என்ற வியாபாரியோடு சேர்ந்து மாதக்கணக்கில் மந்திரிகளின் வாசலில் காத்துக் கிடந்தார். அந்தச் சட்டம் என்ன சொன்னது என்று கேட்டால் இன்றைக்கும் ரத்தம் கொதிக்கும். எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆசிய ஆணும் அரசாங்கத்தில் பெயர் பதிய வேண்டும். பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். போலீஸ்காரர் தெருவில் நிறுத்திக் கேட்டாலும் வீட்டுக்குள் நுழைந்து கேட்டாலும் சீட்டைக் காட்ட வேண்டும். குற்றம் செய்தவனிடம் வாங்குகிற பத்து விரல் ரேகையை வரி கட்டி வியாபாரம் செய்கிறவரிடம் கேட்டார்கள்! தோட்ட வேலைக்கும் சலவைக்கும் கடைக்கும் ஆசியர் வேண்டும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரராக வேண்டாம். குடியேறி வந்த வெள்ளையரின் கணக்கு அவ்வளவுதான்.

லண்டன் மந்திரிகள் கைவிரித்தார்கள். வெறுங்கையோடு கப்பல் ஏறிய காந்தி, ‘கில்டோனன் காஸில்’ என்ற அந்தக் கப்பலிலேயே, அதே ஆண்டு நவம்பரில், பத்தே நாட்களில் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலை எழுதி முடித்தார். வலது கை வலித்தபோது இடது கையாலும் எழுதினார்! லண்டனில் வ.வே.சு. ஐயரைப் போன்ற இளைஞர்களோடு நடத்திய வாதங்களின் சூடு அந்த நூலில் இருக்கிறது. துப்பாக்கியா, சத்தியாக்கிரகமா என்ற அந்தப் பெரிய விவாதத்தில் ஒரு தரப்பில் நின்றவர் நம் வரகனேரிக்காரர். பாரிஸ்டர் படிப்பை முடித்தும், பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று பட்டத்தையே வேண்டாம் என்றவர். 1910இல் சீக்கியர் வேடத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்பிப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளைக் காட்டி ஒருவர் சந்தேகத்தோடு கேட்டதாகவும், அது ‘வீர் விக்ரம் சிங்’ என்று சற்றும் தயங்காமல் சொன்னதாகவும் இன்றைக்கும் சொல்வார்கள்.

சீனர்களும் நம்மோடு நின்றார்கள், தெரியுமா?

டிரான்ஸ்வால் போராட்டம் என்றாலே காந்தியும் இந்தியரும் என்றுதான் பள்ளியில் படித்தோம். அந்தச் சட்டம் ஆசியர் எல்லோருக்கும் எதிரானது. ஜோகன்னஸ்பர்க்கில் வாழ்ந்த சீனர்களும் அதில் சிக்கினார்கள். அவர்களின் தலைவர் லியூங் குவின். சீனர் சங்கம் இந்தியரோடு சேர்ந்து பதிவுச் சீட்டைப் புறக்கணித்தது, சிறைக்கும் போனது. 1907இல் சௌ குவாய் ஃபோர் என்ற சீன இளைஞர், விவரம் புரியாமல் பெயர் பதிந்துவிட்டோமே என்ற அவமானம் தாங்காமல் உயிரையே விட்டார். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி மைதானத்தில் பெரிய கொப்பரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்களே, அந்தப் போராட்டம் இந்தியரும் சீனரும் தோளோடு தோள் நின்று நடத்தியது!

இன்னொன்று கேளுங்கள். போராடியவர்களை டிரான்ஸ்வால் அரசு சிறையில் போட்டுப் பார்த்தது, அவர்கள் அசரவில்லை. பிறகு கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு நாடு கடத்தத் தொடங்கியது. கடத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அங்கேயே பிறந்து, தமிழ்நாட்டைக் கண்ணாலும் பார்க்காத பிள்ளைகளும் அவர்களில் உண்டு! 1910இல் அந்த வரிசையில் சீனரான லியூங் குவினையும் பிடித்து, சீனாவுக்கு அல்ல, இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார்கள்! வந்து இறங்கியவர்களைச் சென்னையில் வரவேற்றுச் சோறும் துணியும் இருக்க இடமும் கொடுத்தவர், தஞ்சாவூர் ஜில்லா கணபதி அக்ரகாரத்தில் பிறந்த ஜி.ஏ. நடேசன். அவர் நடத்திய ‘இண்டியன் ரிவ்யூ’ பத்திரிகையில் டிரான்ஸ்வால் கொடுமையைப் பற்றிச் சீனர் தரப்பு நியாயத்தை லியூங் குவினே எழுதினார். ஒரு சீனத் தலைவர் தம் மக்களின் வழக்கைச் சென்னைப் பத்திரிகையில் வாதாடிய அந்தப் பக்கத்தை நம் பாடநூலில் ஏன் சேர்க்கவில்லை என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு.

நாடு கடத்தப்பட்டவர்கள் சும்மா இருந்தார்களா? அடுத்த கப்பலைப் பிடித்துத் திரும்பிப் போனார்கள்! அப்படிப் போன நாராயணசாமியைத் தென்னாப்பிரிக்கத் துறைமுகங்கள் கரையிறங்கவே விடவில்லை. மழையிலும் குளிரிலும் கப்பல் தளத்திலேயே கிடந்து, 1910 அக்டோபர் 16 அன்று டெலகோவா விரிகுடாவில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1909 ஜூலை 6இல், சிறைக் குளிரில் நிமோனியா கண்டு இறந்த இளைஞர் நாகப்பன். இருவரும் தமிழர்கள்.

மூன்று பவுண்டு என்றால் எவ்வளவு, தெரியுமா?

இதற்கெல்லாம் வேர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பனில் நங்கூரம் பாய்ச்சியது. எங்கிருந்து வந்தது? சென்னையிலிருந்து! உள்ளே 342 பேர். கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை இப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களில் மழை பொய்த்தபோதெல்லாம் ஆள்கட்டிகள் சந்தைக்குச் சந்தை சுற்றினார்கள்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் அங்கேயே காய்கறி போட்டார்கள், கடை வைத்தார்கள், நிலம் வாங்கினார்கள். வந்தது வினை! குடியேறிய வெள்ளையர் சட்டமன்றத்தில் 1895இல் ஒரு வரி போட்டார்கள். மறுபடி ஒப்பந்தத்துக்கும் போகாமல் ஊருக்கும் திரும்பாமல் தங்குகிறவர் ஆளுக்கு வருஷம் மூன்று பவுண்டு கட்ட வேண்டும். முதலில் அவர்கள் கேட்டது எவ்வளவு தெரியுமா? இருபத்தைந்து பவுண்டு! முதல் வருஷக் கூலியின் மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். மூன்று பவுண்டு என்றால் அறுபது ஷில்லிங், அதாவது ஆறு மாதக் கூலி. புருஷனுக்கு ஆறு மாதம், பெண்டாட்டிக்கு ஆறு மாதம். பதினாறு வயதுப் பையனுக்கும் பதிமூன்று வயதுப் பெண்ணுக்கும்கூட பிற்பாடு தனித்தனியாக வசூலித்தார்கள். நாட்டில் மூச்சு விடுவதற்கே வரி!

காந்தியை இந்த மக்களின் பக்கம் இழுத்தவரும் ஒரு தமிழர்தான். 1894இல் பாலசுந்தரம் என்ற ஒப்பந்தக் கூலி, முதலாளி அடித்ததில் பல் உடைந்து, ரத்தம் வழியும் வாயோடு, முண்டாசைக் கையில் பிடித்தபடி அவர் அலுவலகத்தில் வந்து நின்றார். வெள்ளைக்காரரைப் பார்க்கப் போனால் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். முதலில் அந்த முண்டாசைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. 1896 அக்டோபர் 26 அன்று சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் காந்தி பேசியபோது கூட்டம் கொந்தளித்ததற்கு பாலசுந்தரத்தின் கதையே காரணம் என்று அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அந்த ஆண்டு காந்தி இந்தியாவில் சொன்னவை திரிந்துபோய் டர்பனை எட்டின. அடுத்த கட்டம் பயங்கரம்! காந்தி வந்த ‘கோர்லண்ட்’ கப்பலையும் கூடவே வந்த ‘நாதேரி’யையும், பிளேக் நோயைச் சாக்குச் சொல்லி மூன்று வாரத்துக்கும் மேலாகக் கடலிலேயே நிறுத்தினார்கள். 1897 ஜனவரி 13 அன்று கரையிறங்கியவரை வெள்ளையர் கும்பல் கல்லாலும் முட்டையாலும் அடித்து, உதைத்து, ஏறக்குறைய கொன்றே போட்டது. உயிரைக் காப்பாற்றியவர் யார்? போலீஸ் சூப்பிரண்டு அலெக்சாண்டரின் மனைவி! குடையை விரித்துக்கொண்டு கும்பலுக்கும் காந்திக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார் அந்த வெள்ளைக்காரப் பெண்மணி. பிறகு கும்பல் சூழ்ந்த வீட்டிலிருந்து காந்தி தப்பியது எப்படி? இந்தியக் கான்ஸ்டபிள் உடையில். தலைக்குக் கவசம் வேண்டுமே! ஒரு தட்டைத் தலையில் வைத்து அதைச் சுற்றி மதராஸித் துண்டைக் கட்டிக்கொண்டார்! அடித்தவர்கள் மேல் வழக்குப் போடச் சொல்லி லண்டனிலிருந்தே உத்தரவு வந்தது. காந்தி மறுத்துவிட்டார்.

அதே 1897இல் நேட்டால் ஒரு சாமர்த்தியமான சட்டம் கண்டுபிடித்தது. ‘ஆசியர் வரக்கூடாது’ என்று ஒரு வார்த்தை இருக்காது. ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தால் உள்ளே வரலாம், அவ்வளவுதான்! லண்டனில் குடியேற்ற நாட்டு அமைச்சர் ஜோசப் சேம்பர்லெய்ன் இதை மற்ற நாடுகளுக்கும் நல்ல வழி என்று காட்டினார். ஆஸ்திரேலியா 1901இல் பற்றிக்கொண்டது. ஐரோப்பிய மொழி ஏதாவது ஒன்றில் ஐம்பது வார்த்தை அதிகாரி சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எந்த மொழி? அதிகாரியின் இஷ்டம்! இங்கிலீஷில் புலவராக இருந்தாலும் அவருக்குத் தெரியாத மொழியில் வைத்துத் தள்ளிவிடலாம். 1934இல் வந்த ஒரு செக் நாட்டு எழுத்தாளருக்குப் பல மொழி தெரியும் என்பதால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். இந்தத் தேர்வு ஒழிந்தது 1958இல்தான், நம்ப முடிகிறதா?

இதே காலத்தில் திருச்சி உறையூர்ப் பக்கத்துச் சுருட்டு உலகமெல்லாம் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. 1887இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்து ‘டிரிச்சினாபொலி’ சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார்! சுருட்டுக்கு எந்தத் துறைமுகத்திலும் மொழித் தேர்வு இல்லை. அதைச் சுற்றிய கைகளுக்குத்தான்.

திருச்சியில் ஒரு தோட்டத் துரைகள் ஆபீஸ் இருந்ததே, தெரியுமா?

இது நம் ஊரின் சொந்தக் கதை. இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குக் கூலியாட்களைத் திரட்ட வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் 1904இல் ‘சிலோன் லேபர் கமிஷன்’ தொடங்கினார்கள். அதன் தலைமை அலுவலகம் கொழும்பிலோ கண்டியிலோ இல்லை. திருச்சிராப்பள்ளியில்! தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகமும் இங்கே இருந்தது. ஆள் திரட்ட ஆபீஸ், ஏற்றி அனுப்ப ரயில். மலைக்கோட்டையை ஜன்னல் வழியே கடைசியாகப் பார்த்துவிட்டுப் போன குடும்பங்கள் எத்தனையோ.

கழுத்தில் என்ன தொங்கியது தெரியுமா? தகரத் துண்டு! எந்த மாவட்டம், எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று எழுத்தும் எண்ணும் பொறித்த தகரச் சீட்டைக் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டார்கள். படிக்கத் தெரியாதவர் வழிதவறாமல் போய்ச் சேரத்தான் என்பது துரைகள் சொன்ன விளக்கம். மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை, மருந்துக் குளியல், காவல் இருப்பு. கடலைத் தாண்டினால் கங்காணியின் பேரேடு, கடனின் பேரால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறும் ‘துண்டு’.

ஒரு தேதியைப் பாருங்கள். பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. மார்ச் 1 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. ஆட்களை இன்னும் வேகமாக ஏற்றிச் செல்ல வழி பிறந்தது. பாலம் திறந்ததற்கு இரண்டே நாள் முன்பு, பிப்ரவரி 22 அன்று, ஜோகன்னஸ்பர்க்கில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி சிறைக் காய்ச்சலில் இறந்தாள். தில்லையாடி வள்ளியம்மை!

அவள் ஏன் சிறைக்குப் போனாள்? 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சியர்ல் கொடுத்த தீர்ப்பின் விளைவு என்ன தெரியுமா? கிறிஸ்தவ முறையில் நடக்காத, அரசிடம் பதிவாகாத இந்தியத் திருமணங்கள் அங்கே செல்லாது. ஒரே நாளில் ஆயிரமாயிரம் மனைவிமார்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றாகிவிட்டார்கள்! டிரான்ஸ்வால் பெண்கள் கைக்குழந்தைகளோடு புறப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், மூன்று பவுண்டு வரி நீங்கும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று தொழிலாளரிடம் தமிழிலேயே பேசினார்கள். சுரங்கங்கள் நின்றுபோயின! வள்ளியம்மையும் மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போய் எலும்பும் தோலுமாக வெளியே வந்தாள். சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்கு இருப்பது அவள் பெயர்தான். துணி எடுக்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் பெயர்ப் பலகையைப் பாருங்கள்.

1913 நவம்பர் 6 காலை காந்தியோடு நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லை தாண்டி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. எல்லையில் அதிகாரிகள், வானமே கூரை. மறு ஆண்டே வரி ஒழிந்தது, திருமணங்கள் செல்லும் என்று சட்டம் வந்தது.

இப்போது திருச்சிக்கு வாருங்கள். 1930 ஏப்ரல் 13. வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் புறப்படுகிறார்கள். யார் வீட்டிலிருந்து? டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து! லண்டன் அடுப்படியில் காந்தியோடு நின்ற அதே ஸ்ரீரங்கத்துக்காரர். சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் மிரட்டியும், வழிநெடுகச் சாலையோர மரக்கிளைகளில் சோற்று மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார்கள் நம் ஜனங்கள். நேட்டால் ரொட்டிக்கும் இந்தக் கட்டுச்சோற்றுக்கும் இடையில் பதினேழு வருஷம்தான். கூட்டமாக நடந்தே ஒரு சட்டத்தைச் சாய்க்கலாம் என்ற பாடத்தை முதலில் நடந்து காட்டியவர்கள் நேட்டாலின் சுரங்கத் தொழிலாளிகள். அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது.

திருவானைக்காவல் குடும்பமும் அமெரிக்காவும்!

சர் சி.வி. ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் பிறந்தவர், இது எல்லோருக்கும் தெரியும். அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நட்சத்திரங்களின் கடைசிக்காலத்தைக் கணக்கிட்ட மேதை! அவர் வளாகத்தில் வகுப்பெடுக்கக் கூடாது என்று அங்கிருந்த டீன் ஒருவர் ஆட்சேபித்தார். காரணம் தோலின் நிறம். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அந்த ஆட்சேபத்தைத் தூக்கி எறிந்து, சந்திரசேகர் வகுப்பெடுப்பார் என்றார். இன்னும் வியப்பு என்ன தெரியுமா? அவர் போனபோது இந்தியர் யாரும் அமெரிக்கக் குடிமகன் ஆகவே முடியாது! 1923இல் உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் என்பவர் வழக்கில் அப்படித் தீர்ப்பளித்திருந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர் அவர். 1946இல் கதவு திறந்தபோது இந்தியா முழுவதற்கும் ஆண்டுக்கு எத்தனை பேர் தெரியுமா? நூறு பேர்! சந்திரசேகர் 1953இல் குடிமகன் ஆனார், 1983இல் நோபல் பரிசு பெற்றார். இன்று திருச்சியிலிருந்து மேல்படிப்புக்குப் போகும் பிள்ளைகள் நுழையும் கதவு இப்படி அங்குலம் அங்குலமாகத் திறந்தது.

இன்னொருவரையும் சொல்லாமல் போக முடியாது. கும்பகோணத்தை ஒட்டிய வலங்கைமானில் பிறந்த வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி! 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றி, அங்கே குடியிருக்கும் இந்தியருக்கு ஓட்டுரிமை கொடுங்கள் என்று அவர்கள் மேடையிலேயே நின்று வாதாடினார். 1925இல் ஆஸ்திரேலியா தன் நாட்டிலிருந்த இந்தியருக்கு ஓட்டுரிமை கொடுத்தது. 1927இல் சாஸ்திரி தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் பிரதிநிதி ஆனார். அவர் முயற்சியில் எழுந்து, 1929இல் டர்பனில் திறந்த சாஸ்திரி கல்லூரி இந்தியப் பிள்ளைகளின் மேல்நிலைப் படிப்புக்கு வழிவிட்டது.

மன்னிப்புக் கேட்ட ஊர்கள்

1907 செப்டம்பர் 4. அமெரிக்காவின் பெல்லிங்ஹாம் ஊரில் வெள்ளையர் கும்பல் மர அறுவை ஆலைகளில் வேலை செய்த சுமார் இருநூறு இந்தியத் தொழிலாளரைப் படுக்கையிலிருந்து இழுத்துத் தெருவில் விரட்டியது. சில நாட்களில் ஊரில் ஓர் இந்தியர்கூட இல்லை. நூறு வருஷம் கழித்து, 2007இல், அந்த ஊர் நிர்வாகம் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது. 2018இல் சிவப்புக் கல்லில் ஒரு நினைவு வளைவும் எழுப்பினார்கள்!

‘கோமகாட்டா மாரு’ கப்பலை 1914இல் வான்கூவர் துறைமுகத்தில் இரண்டு மாதம் நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பியது கனடா. அதில் 376 பயணிகள். இந்தியாவிலிருந்து எங்கும் நிற்காமல் நேராக வந்தால்தான் அனுமதி என்று 1908இல் ஒரு விதி போட்டிருந்தார்கள். நேராக வரக் கப்பலே கிடையாது! 2016 மே 18 அன்று அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். சீனரிடம் தலைக்கு 500 டாலர் வரை வசூலித்த வரிக்காக 2006இல் கனடாவும், இதே மாதிரி வரிக்காக 2002இல் நியூசிலாந்தும் மன்னிப்புக் கேட்டன. காந்தியை ரயிலிலிருந்து தள்ளிய பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரம், 1997 ஏப்ரல் 25 அன்று மண்டேலா முன்னிலையில் அதே காந்திக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. இறந்து 49 ஆண்டு கழித்து!

அவர்கள் கணக்கைக் கேட்கிற நாம் நம் கணக்கையும் பார்த்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் தம் ஆரம்ப வருஷங்களில் காந்தி எழுதியவற்றில் ஆப்பிரிக்க மக்களைத் தாழ்த்தும் சொற்கள் இருக்கின்றன. அதனால்தான் கானா பல்கலைக்கழகத்தில் வைத்த அவர் சிலையை 2018இல் எடுத்துவிட்டார்கள். படித்தபோது எனக்கு மனம் கனத்தது. ஆனால் கோபப்பட நமக்கு நியாயம் இல்லை என்றே நினைக்கிறேன். வெளிநாட்டில் இந்தியர் தீண்டத்தகாதவராக நடத்தப்படுவது, நாம் ஊரில் செய்த தீண்டாமைக்குக் கிடைத்த கூலி என்று காந்தியே பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னார். டிரான்ஸ்வாலில் நடைபாதையில் நடக்க விடாதே என்றவர்கள் மேல் கொதித்த காலத்தில் நம் கோயில் வாசல்கள் எப்படி இருந்தன? 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலித் தோழர்களை அழைத்துச் சென்றார். அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்த ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரமும் அறநிலையமும் யார் கையில் இருந்தன, தெரியுமா? ஸ்ரீரங்கம் டி.எஸ்.எஸ். ராஜன் கையில்!

கடைசியாக, உங்கள் வீட்டுக்கே சம்பந்தமுள்ள ஒரு தகவல். நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவரையும் கப்பல் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு வரை! அந்தப் பட்டியல்களைக் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் திரட்டி வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர்கள் சிதைந்திருக்கும். முசிறியா, லால்குடியா, குளித்தலையா என்று உள்ளூர்க்காரருக்குத்தான் சட்டென்று பிடிபடும். நான்காம், ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் அந்த ஒற்றை வரியைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் ஊர் தேடி அலைகிறார்கள். உங்கள் வீட்டில் ‘கரும்புக் காட்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை’ என்று பாட்டி சொன்ன பெயர் ஏதாவது இருந்தால், அவருடைய தகப்பனார் பெயரையும் கிராமத்தையும் கேட்டு இன்றைக்கே எழுதி வையுங்கள். அங்கே ஒருவர் அதே பெயரைத் தேடிக்கொண்டிருக்கலாம்!